ஒளியில் உருவாகும் பீங்கான்



சுங்கை பூலோ என்றதும் கோலாலம்பூர்வாசிகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது செடி கொடி விற்கும் நாற்றுப் பண்ணைகள்தான். சாலையோரம் அடுக்கி வைத்த பூத்தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே காரை நிறுத்துபவர்கள் பலர். பெரியவர்களைக் கேட்டால் 1930-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பைச் சொல்வார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டத்தைச் சொல்வார்கள். 1925-இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் பால் மரங்கள் நின்ற நிலத்தில் பெரும்பகுதி இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகரமாகிவிட்டது. இளையவர்களுக்கோ 2020-ஆம் ஆண்டின் கோவிட் நாட்களில் தினமும் செய்தியில் அடிபட்ட மருத்துவமனைதான் சுங்கை பூலோ.

மரம் போனாலும் ரப்பர் பால் இந்த வட்டாரத்தை விட்டுப் போய்விடவில்லை. சுங்கை பூலோவிலிருந்து மேரு, கிள்ளான் வரையில் கையுறைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. உலக மருத்துவமனைகள் பயன்படுத்தும் ரப்பர் கையுறைகளில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக மலேசியாவில் செய்யப்பட்டு வந்தவை. இந்த ஆலைகளுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. சங்கிலித் தொடரில் ஆயிரக்கணக்கான வெள்ளைக் கைகள் விரல்கள் கீழ்நோக்கித் தொங்க, வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். அவை பீங்கான் கைகள். முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கும், பிறகு பாலில் முங்கும், சூட்டு அறைக்குள் போகும், வெந்நீரில் அலசப்படும், கையுறையை உரித்துக் கொடுத்துவிட்டுக் கழுவப்பட்டு மறுபடியும் முதலில் இருந்து தொடங்கும். இரவு பகலாக இந்தச் சூட்டையும் இரசாயனத்தையும் தாங்குவதற்குப் பீங்கானே ஏற்றதாக இருக்கிறது.

அந்தப் பீங்கான் கையை எப்படிச் செய்கிறார்கள்? களிமண்ணையும் மற்றத் தாதுப் பொடிகளையும் நீரில் கரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சும். அச்சின் உட்சுவரில் மண் ஏடுபோலப் படியும். வேண்டிய தடிமன் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, அச்சைத் திறந்தால் உள்ளே கூடான ஒரு கை கிடைக்கும். அதை உலர்த்தி ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் சுட வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதான முறை இது.

இப்போது அதே பீங்கான் குடும்பத்துப் பொருள்களுக்கு ஒளியைக் கொண்டு உருவம் கொடுக்கிறார்கள். அச்சும் இல்லை, உளியும் இல்லை. திரவத்தின்மேல் ஒளி பட்ட இடம் இறுகுகிறது, படாத இடம் திரவமாகவே இருக்கிறது. பல் மருத்துவ நிலையங்களில் ‘அச்சிட்ட செராமிக் பல்’ என்ற பேச்சும் அடிபடுகிறது. இதில் எது செராமிக், எது வெறும் பெயர் என்பது வாயில் அந்தப் பல்லை வைத்துக்கொள்ளப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. பிள்ளையை இந்தத் துறையில் படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது வேண்டியதே. சுங்கை பூலோவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலமும் பல் மருத்துவப் புலமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வி எங்கோ ஐரோப்பாவில் நடப்பதைப் பற்றியது மட்டும் அன்று.

முதலில், பீங்கானுக்கு உருவம் கொடுப்பது ஏன் இவ்வளவு சிரமம்? இரும்பை உருக்கி ஊற்றலாம், பிளாஸ்டிக்கையும் உருக்கி அச்சில் அழுத்தலாம். அலுமினாவை உருக்க வேண்டுமானால் இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போக வேண்டும். சுட்ட பிறகு செதுக்கலாம் என்றால் வைரத் தூள் பதித்த கருவி இல்லாமல் அதன்மேல் ஒரு கீறல்கூட விழாது. எனவே எல்லாவற்றையும் சுடுவதற்கு முன்பே செய்து முடித்தாக வேண்டும். சுடாத பொடி ஒன்றோடு ஒன்று ஒட்டி உருவம் தாங்கி நிற்பதற்கு ஏதாவது ஒரு பிடிமானமும் வேண்டும்.

சுங்கை பூலோவிலிருந்து கோல சிலாங்கூர் சாலையில் போனால் கம்போங் குவாந்தான் வட்டாரத்தில் தமிழர்கள் பொங்கல் பானையும் அகல் விளக்கும் வனைகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பிடிமானத்தை மண்ணே கொடுத்துவிடுகிறது. களிமண்ணின் நுண்தகடுகளுக்கு இடையே நீர் நிற்பதால் சக்கரத்தில் வைத்து இழுத்தால் இழுத்த இடத்துக்கு வரும், விட்டால் விட்ட இடத்தில் நிற்கும். அலுமினா, சிர்கோனியா போன்ற தூய பொடிகளிடம் இந்தக் குணம் கிடையாது. நீர் விட்டுப் பிசைந்தாலும் ஈர மணலைப் போல உதிர்ந்துவிடும். இங்கேதான் ஒளியால் இறுகும் பிசின் வருகிறது. மண்ணில் நீர் செய்யும் வேலையை அது இந்தப் பொடிகளிடம் செய்கிறது.

இந்தப் பிசின் நேயர்களில் பலருக்குப் புதியதன்று. சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டவர்கள் அதை வாயிலேயே வைத்திருக்கிறார்கள். பல் மருத்துவர் வெள்ளைப் பசையைக் குழிக்குள் வைத்து, பேனா போன்ற கருவியால் நீல ஒளியைச் சில விநாடிகள் காட்டுகிறார் அல்லவா? ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்றும் குறுக்கே பிடிக்கப்படும். நீல ஒளி கண்ணில் படாமல் தடுப்பதற்கு அது. அமெரிக்காவின் ரஃபேல் போவென் 1962-இல் காப்புரிமை பெற்ற பிசின்தான் இந்த வகைப் பல் அடைப்புகளுக்கு அடிப்படை. தொடக்கத்தில் இரண்டு பசைகளைக் கலந்து இறுக வைத்தார்கள், 1970-களில் ஒளிக்கு மாறினார்கள். பசைக்குள் மிகச் சிறிய அளவில் கேம்பர்குவினோன் என்ற மஞ்சள் பொருள் இருக்கும். ஏறக்குறைய 470 நானோமீட்டர் நீல ஒளியை அது விழுங்கித் துணைப் பொருளோடு வினைபுரிந்து, தனித்தனியாக இருக்கும் பிசின் மூலக்கூறுகளைக் கைகோத்துக்கொள்ளத் தூண்டுகிறது. சில நொடிகளில் பசை கல்லாகிறது. அந்தப் பசையில் பெரும்பங்கு பிசினும் அன்று, நுண்ணிய கண்ணாடிப் பொடி.

மருத்துவர் ஒரே தடவையில் குழி முழுவதையும் அடைப்பதில்லை என்பதையும் கவனித்திருக்கலாம். வழக்கமான பசையாக இருந்தால் இரண்டு மில்லிமீட்டர் வைப்பார், ஒளி காட்டுவார், அதன்மேல் மறுபடியும் வைப்பார். ஒளி அதற்குமேல் ஆழமாகப் போகாது என்பதே காரணம். ஒளிப் பீங்கானின் முழுக் கதையும் இந்த ஒரு செய்கைக்குள் அடங்கியிருக்கிறது.

அடுக்கடுக்காக ஒளி காட்டினால் முழுப் பொருளையே கட்டி எழுப்பலாமே என்ற எண்ணம் ஜப்பானின் நகோயாவில் ஹிதேயோ கொடாமாவுக்கு 1980 வாக்கில் வந்தது. அவருடைய காப்புரிமை விண்ணப்பம் முழுமை பெறாமல் போயிற்று. அமெரிக்காவில் சக் ஹல் 1984-இல் விண்ணப்பித்து 1986-இல் காப்புரிமை பெற்றார். முப்பரிமாண அச்சு என்று இன்று வழங்கும் தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. அப்போது செய்தவை எல்லாம் பிளாஸ்டிக் உருவங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மிஷேல் கிரிஃபித், ஜான் ஹாலரன் இருவரும் பிசினுக்குள் பீங்கான் பொடியைக் கலந்து உருவம் கட்டலாம் என்பதை 1996-இல் விரிவாக எழுதினார்கள். சிலிக்கா, அலுமினா, சிலிக்கன் நைட்ரைடு ஆகிய மூன்றையும் அவர்கள் முயன்றார்கள். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொண்டன.

காரணத்தைச் சமையலறையிலேயே பார்க்கலாம். தெளிந்த நீரில் ஒளி நேராகப் போகும், தேங்காய்ப் பாலில் போகாது. பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகள் நீரைவிட வேறு அளவில் ஒளியை வளைப்பதால் ஒளி சிதறிவிடுகிறது, பால் வெள்ளையாகத் தெரிகிறது. இதற்கு எதிரான ஒன்றும் உண்டு. சூட்டைத் தாங்கும் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் கோலைச் சமையல் எண்ணெயில் முக்கினால் முங்கிய பகுதி கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும். எண்ணெயும் கண்ணாடியும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதே காரணம். இந்த வளைவின் அளவைத்தான் ஒளிவிலகல் எண் என்கிறார்கள். பிசினுக்கு அது ஏறக்குறைய 1.5. சிலிக்காவும் அதற்கு மிக அருகில் இருக்கிறது, ஆகவே ஒளி தாராளமாக உள்ளே போகும். அலுமினாவுக்கு 1.76, சிர்கோனியாவுக்கு 2-க்கும் மேல். வேற்றுமை கூடக்கூட ஒளி மேற்பரப்பிலேயே சிதறி நின்றுவிடும். கறுத்த சிலிக்கன் கார்பைடு ஒளியை விழுங்கியே விடுவதால் அதனோடு மல்லாடுவது இன்னும் கடினம்.

பல்லுக்கு மிகவும் வேண்டப்படும் சிர்கோனியாவிடம் ஒளி இப்படி முரண்டு பிடிப்பது வேடிக்கைதான். கண்ணுக்கு அழகான அந்த வெண்மையே வேலைக்குத் தடை. ஒளி ஆழத்தில் குறைவதோடு பக்கவாட்டிலும் கசியும். வரைந்த கோடு தடித்துவிடும். பல் உறையின் விளிம்பு ஈறோரத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அங்கே விளிம்பு மழுங்கினால் அந்தச் சந்தில் உணவு தங்கி, உறைக்குக் கீழே பல் மறுபடியும் சொத்தையாகும். ஆகவே அடுக்கை மெல்லியதாக்கிக்கொண்டே போகிறார்கள். 25 முதல் 100 மைக்ரான் வரை, அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அல்லது அதற்கும் குறைவு. ஒளி பக்கத்தில் பரவாமல் தடுக்கச் சிறிது சாயமும் சேர்ப்பதுண்டு.

கலவையில் கொள்ளளவுக்கு ஏறக்குறைய பாதி பொடி. அதற்குக் குறைந்தால் சுட்ட பொருள் வலுவாக வராது. கூடினாலோ கலவை கெட்டியாகி அசையாது. தோசைக்கல்லில் மாவைத் தேய்ப்பதுபோல ஒரு தகடு கலவையை மெல்லியதாகப் பரப்பும். கணினி சொல்லும் வடிவத்தில் ஒளி விழும். தட்டு ஓர் அடுக்கு அளவு நகரும். மறுபடியும் தகடு, மறுபடியும் ஒளி. பல் உறை ஒன்றுக்கு நூறு அடுக்குக்கு மேல்கூட ஆகும்.

இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது உருவம் அப்படியே இருக்கும், கையில் பிடிக்கலாம், கழுவலாம். படம் எடுத்து விளம்பரம் செய்வது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் அதில் பாதி பிசின், மீதி ஒன்றோடு ஒன்று இன்னும் ஒட்டாத பொடி. பொத்தானை அழுத்தினால் பீங்கான் வந்துவிடும் என்ற பேச்சு இங்கே உடைகிறது. இதுவரை உருவத்தைத் தாங்கிய பிசின் இனி ஒரு துளியும் மிஞ்சாமல் வெளியேறியாக வேண்டும். கடினமான வேலை அதுதான்.

உலைக்குள் இருநூறு டிகிரியிலிருந்து ஐநூறு டிகிரி வரையிலான கட்டத்தில் பிசினின் பெரும்பகுதி சிதைந்து வாயுவாகிறது. அந்த வாயு பொடிகளுக்கு இடையே உள்ள நுண்துளைகள் வழியாக வெளியே வர வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் உள்ளே வாயு தேங்கும். எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கும். பலவீனமான இடம் பெரும்பாலும் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில்தான் இருக்கும். பொருள் புத்தகம் பிரிவதுபோல ஏடேடாகப் பிரிந்துவிடும். ஆகவே நிமிடத்துக்கு ஒரு டிகிரிகூட ஏற்றாமல் மெதுவாகச் சூடாக்குகிறார்கள். சில மணி நேரத்தில் உருவான பொருள் உலையில் இரண்டு மூன்று நாள் கிடப்பதும் உண்டு. சுவர் தடித்துச் சில மில்லிமீட்டரைத் தாண்டினால் இன்னும் ஆபத்து. பானையை வெயிலில் வைக்காதே, நிழலில் ஆறப்போடு என்று குயவர் வீட்டில் சொல்வதும் இதே காரணத்தால்தான். அங்கே வெளியேற வேண்டியது நீர், இங்கே பிசின்.

பிசின் போன பிறகு நிற்பது தொட்டால் உதிரக்கூடிய பொடிக்கூடு. அதை அலுமினாவானால் ஏறக்குறைய 1,600 டிகிரிக்கும், சிர்கோனியாவானால் 1,450 முதல் 1,500 டிகிரிக்கும் கொண்டுபோகும்போது பொடிகள் ஒன்றோடொன்று பிணைந்து, இடையில் இருந்த வெற்றிடம் மூடிக்கொள்கிறது. வலிமை பிறப்பது இந்தக் கடைசி நேரத்தில்தான். கூடவே பொருள் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். பத்து மில்லிமீட்டர் வேண்டுமென்றால் பன்னிரண்டரைக்குச் செய்ய வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்கினால் கணக்குப் போட்டுவிடலாம். அடுக்கின் குறுக்கே ஓர் அளவும் நெடுக்கே வேறோர் அளவும் சுருங்குவதால்தான் ஒவ்வொரு கலவைக்கும் ஒவ்வொரு உலைக்கும் தனிக் கணக்கு தேவைப்படுகிறது. அந்தக் கணக்கை அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருப்பவரே இந்தத் தொழிலில் விலைமதிப்புள்ளவர். இயந்திரத்தைக் காசு கொடுத்தால் யாரும் வாங்கலாம்.

பிசினே பீங்கானாக மாறினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் எச்.ஆர்.எல். ஆய்வகத்தார் சிலிக்கன் சேர்ந்த பிசினை ஒளியால் இறுக்கி, காற்றில்லாத சூழலில் சுட்டு, விரிசல் இல்லாத பின்னல் உருவங்களை 2016-இல் காட்டினார்கள். பொடியே இல்லாததால் ஒளி சிதறும் தொல்லையும் இல்லை. ஆனால் சுருக்கம் இன்னும் அதிகம். மெல்லிய வடிவங்களுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

இவ்வளவு பாடுபட்டு இதை எதற்குச் செய்ய வேண்டும்? வேறு எந்த வழியிலும் செய்ய முடியாத வடிவங்களுக்குச் செய்ய வேண்டும். விமான எஞ்சினின் சுழலி இதழ்களுக்குள் குளிர்ந்த காற்று ஓடுவதற்கு வளைந்து நெளிந்த குழாய்கள் இருக்கும். உலோகத்தை ஊற்றுவதற்கு முன் அந்தக் குழாயின் வடிவில் ஒரு பீங்கான் கருவை உள்ளே வைத்து, உலோகம் ஆறிய பிறகு காரக் கரைசலில் அந்தக் கருவைக் கரைத்து எடுப்பார்கள். சிலிக்கா கரு ஒளிக்கு மிக இணக்கமானது என்பதை முன்பே பார்த்தோம். அங்கே இந்த முறை நன்றாகக் கால் ஊன்றியிருக்கிறது. பீங்கானுக்கே பெயர் போன பிரான்சின் லிமோஜ் நகரில் 2001-இல் தோன்றிய நிறுவனம் ஒன்று மண்டை ஓட்டில் இழந்த எலும்புக்குப் பதிலாக வைக்கும் துண்டுகளை, அந்தந்த நோயாளியின் அளவுக்கே, எலும்புத் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டில் செய்தது. வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்விலிருந்து 2011-இல் லித்தோஸ் என்ற நிறுவனம் பிறந்தது.

சுங்கை பூலோவின் பீங்கான் கைகளையும் இப்படிச் செய்யலாமே என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். ஒரே வடிவக் கைகள் ஆயிரமாயிரமாக வேண்டும். பிளாஸ்டர் அச்சு மலிவானது, குழம்பும் மலிவானது, முறையும் கைவந்தது. அதை ஒளியால் செய்யப் போவது கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டுவருவது போன்றது. புதிய அளவிலோ புதிய விரல் வளைவிலோ ஒரு கையுறை வடிவமைக்கும்போது முதல் மாதிரியைச் சாதாரண பிசினில் அச்சிட்டு, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்துக்கொள்வது அறிவுள்ள வழி. அங்கே ஒளிக்கு இடம் உண்டு. பீங்கானுக்கு அல்ல, பீங்கானின் மாதிரிக்கு.

பல் விஷயம் வேறு. ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு வடிவம். ஒரே உறையை இரண்டு பேருக்கு வைக்க முடியாது. அச்சுக்கு வேலையில்லாத இடம் இது. ஆகவே பல் துறை இந்த முறையை ஆவலோடு பார்க்கிறது. ஆனால் ‘செராமிக் பல்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் உலவுகின்றன.

முதலாவது, இன்று அதிகம் காணப்படும் சிர்கோனியா உறை. அரைகுறையாகச் சுட்ட, சுண்ணாம்புக் கட்டி போன்ற வட்டத் தகட்டைக் கணினி இயந்திரம் கடைந்து, பிறகு உலையில் முழுதாகச் சுடுகிறார்கள். சுருக்கக் கணக்கு இங்கேயும் உண்டு. கடையும்போது தகட்டில் கணிசமான பகுதி தூளாகிக் குப்பைக்குப் போகும். இரண்டாவது, இதுவரை விவரித்த முறை. பிசினில் கலந்த சிர்கோனியாவை ஒளியால் கட்டி, பிசினை எரித்து, சுடுவது. கழிவு குறைவு, மெல்லிய விளிம்பும் சாத்தியம். ஆனால் உலையில் நேரமும் திறமையும் கேட்கும். இரண்டிலும் கடைசியில் கையில் இருப்பது முழுப் பீங்கான்.

மூன்றாவதை உலையில் வைப்பதே இல்லை. பீங்கான் அல்லது கண்ணாடிப் பொடி கலந்த பிசினை அச்சிட்டு, கழுவி, ஒளிப் பெட்டியில் இன்னும் இறுக்கி, மெருகேற்றி, அப்படியே பல்லின்மேல் ஒட்டிவிடுவார்கள். பிசின் போவதில்லை, வாயில் நிரந்தரமாக இருக்கிறது. வேகம், மலிவு, உடைந்தால் சீர்செய்யும் வசதி எல்லாம் உண்மையான நன்மைகள். எதிரே உள்ள பல்லையும் அதிகம் தேய்க்காது. தற்காலிக உறைக்கும், சிறுவர் பல்லுக்கும் இது பொருந்தலாம். பெயரில்தான் சிக்கல். அமெரிக்காவில் பல் மருத்துவக் கட்டணக் குறியீட்டின் விளக்கம் 2013-இல் மாற்றப்பட்டபோது, பெரும்பகுதி கனிமப் பொருளாக இருந்தால் அதையும் பீங்கான் வகையில் சேர்க்க வழி பிறந்தது. எடையில் பாதிக்குமேல் பொடி இருக்கும் பிசின்களுக்கு ‘செராமிக்’ என்ற பெயர் சூட்டுவதற்கு அது வசதியாயிற்று. எடையில் பாதி என்றால் பாதிப் பல் பீங்கான் என்று பொருளாகாது. கனமான பொடியும் லேசான பிசினும் சம எடையில் கலந்தால் கொள்ளளவில் பொடி மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கூழாங்கல்லையும் பஞ்சையும் ஒரே எடையில் மூட்டை கட்டினால் மூட்டை முழுவதும் பஞ்சாகத்தான் தெரியும்.

வலிமையிலும் இந்த வேற்றுமை தெரியும். பல்லுக்குப் பயன்படும் உறுதியான வகைச் சிர்கோனியா வளைவு விசையில் ஏறக்குறைய 1,000 மெகாபாஸ்கல் தாங்கும். அச்சிட்ட பொடிப் பிசின்கள் பொதுவாக 100 முதல் 150 வரை. வலிமை ஒன்றே எல்லாம் ஆகிவிடாது என்பது உண்மைதான். கடைவாயில் இரவெல்லாம் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உள்ளவருக்கும் முன்பல்லின் ஓரம் உடைந்தவருக்கும் தேவை ஒன்றல்ல. ஆனால் விலை பேசும்போது எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? பல் மருத்துவரிடம் நீண்ட விளக்கம் கேட்க வேண்டியதில்லை. ‘இதை உலையில் சுட்டீர்களா?’ என்று ஒரு கேள்வி போதும். இன்னும் தெளிவு வேண்டுவோர் பொருளின் ஏட்டில் உள்ள அனைத்துலகத் தர எண்ணைப் பார்க்கலாம். பல் பீங்கானுக்கு ஐ.எஸ்.ஓ. 6872. பிசின் வகை உறைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 10477. இந்த நாட்டில் மருத்துவக் கருவிகளை 2012-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு சொல். முப்பரிமாண அச்சு என்ற பெயரில் குறுகிய காலப் பயிற்சிகள் நிறைய இருக்கின்றன. கணினியில் வரைவதையும் இயந்திரத்தை ஓட்டுவதையும் சொல்லிக் கொடுப்பார்கள். அது பயனற்றதன்று. ஆனால் பொடி எப்படி நடந்துகொள்ளும், சூட்டில் எது எப்போது வெளியேறும், விரிசல் எங்கே பிறந்தது என்று உடைந்த துண்டைப் பார்த்துச் சொல்லும் அறிவு பொருளியல் பொறியியலில்தான் கிடைக்கும். பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் பொருளியல், கனிமவளப் பொறியியல் கற்பிக்கிறார்கள். மருத்துவம், சட்டம் என்று மட்டுமே பார்க்கும் நம் வீடுகளில் இந்தப் படிப்பின் பெயர் அடிபடுவதே அபூர்வம்.

வேலையில் சேர்ந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. சிறு பல் கூடங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. இறுகிய பிசின் சாதுவானது, இறுகாத பிசின் அப்படியன்று. அதிலுள்ள மெத்தாக்ரைலேட் மூலக்கூறுகள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை அந்த ஒவ்வாமை பிடித்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் விடாது. தொழிலையே விட்டவர்கள் உலகில் உண்டு. பிறகு தங்களுக்கே பல் அடைப்புத் தேவைப்படும்போதும் சங்கடம். நகப் பூச்சுக் கடைகளில் ஒளி காட்டி இறுக்கும் ஜெல் வகையிலும் இதே குடும்பத்துப் பொருள்தான் இருக்கிறது.

கையுறை போட்டிருக்கிறோமே என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். இதே வட்டாரத்தில் செய்யும் மெல்லிய ரப்பர் கையுறை இரத்தத்தையும் கிருமியையும் தடுக்க வல்லது. ஆனால் இந்தச் சிறிய மூலக்கூறுகள் அதைக் கிழிக்காமலேயே சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். வெளியே பார்த்தால் கையுறை நலமாகவே இருக்கும். நைட்ரைல் கையுறை ஓரளவு மேல். அதிலும் பிசின் பட்டால் உடனே கழற்றி மாற்ற வேண்டும். தோலில் பட்டுவிட்டால் ஆல்கஹால் தேய்த்துத் துடைக்கும் வழக்கம் தவறு, அது பிசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே கொண்டுபோகும். சோப்பும் நிறைய நீரும் போட்டுக் கழுவ வேண்டும். மிச்சப் பிசினையும், உருவங்களைக் கழுவிய திரவத்தையும் கால்வாயில் கொட்டக்கூடாது. பிசின் பட்ட தாள்களையும் பாத்திரத்து மிச்சத்தையும் வெயிலில் பரப்பி வைத்தால் சூரிய ஒளியே அவற்றை இறுக்கிவிடும். கழுவிய திரவத்தைத் தனிக் கலனில் மூடி வைத்து, இரசாயனக் கழிவு எடுக்கும் உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.